சிபியின் டூப்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் சிபி என்னை அடித்து நொறுக்கினான். கடைசிச் சுற்றில் என்னை மூலையில் தள்ளிவிட்டு, இன்னும் ஒரே அடியில் நான் காலி என்கிற நேரத்தில், பின்னால் போய்ச் சும்மா நின்றான். "ஒண்ணு அடிச்சுக்கடி, பிச்சை" என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து இதே திமிர். நானும் மானங்கெட்டுப் போய் அந்தப் பிச்சையை வாங்கிக்கொண்டேன். அடுத்த நொடி குடையை விரித்து ஒரே போடு.

நாளைக்கு யாராவது இதைப் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

லாஸ்ட் பெல் என்பது சண்டை வீடியோ கேம். பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும், உள்ளே போனால் பல் உடையும். இதுவரை ஆறு பாகம் வந்திருக்கிறது. ஐந்தாம் பாகத்தில் மட்டும் எக்கோ என்று ஒன்று உண்டு. கேம் ஓடும் பெட்டிக்குச் சொந்தக்காரர் எப்படி ஆடுகிறார், எப்போது குதிக்கிறார், எங்கே ஏமாற்றுகிறார் என்று பார்த்துப் பழகி, அச்சு அசலாக அவர் மாதிரியே ஆடும் ஒரு நகலைச் செய்து வைத்துக்கொள்ளும். ஆள் இல்லாதபோது நாம் அந்த நகலோடு மோதலாம். சிபி அதற்கு வைத்த பெயர் டூப். சினிமாவில் ஹீரோவுக்காக மாடியிலிருந்து குதிப்பாரே, அந்த டூப்.

சிபி என் அண்ணன். போன ஐப்பசி மழையில் பால்பண்ணை பக்கம் பைக்கோடு விழுந்தான். தலையில் அடி. பிழைத்துவிட்டான். இப்போது ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாயில் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. டூப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. சினிமாவில் இது தலைகீழாக நடக்கும்.

நான் ஆடுவது கட்டுரைக்காக. ஆகஸ்டில் ஏழாம் பாகம் வருகிறது. அதற்குள், ஆறு பாகங்களிலும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஆடுகிறவருக்கு என்ன வைத்திருந்தார்கள், எது தேறும், எது தேறாது என்று விரிவாக எழுதித் தர வேண்டும். இணையதளம் நடத்தும் தினகர் கேட்டிருக்கிறார். அது சிபியின் பத்தி. ஐப்பசியிலிருந்து சிபி பெயரில் நான்தான் எழுதுகிறேன். தினகருக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஜூன் 5, வியாழன்

காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு பெரியவர் மூன்று ஃப்ரேம் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் நான் ஒரே மாதிரிதாம்மா இருக்கேன்" என்று சொல்லிப் போய்விட்டார். மதியம் வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். கிரைண்டர் சத்தத்தில் அம்மா டிவி பார்க்க மாட்டாள் என்பதால் அப்போதே முதல் பாகத்தை முடித்தேன்.

முதல் பாகம்: எட்டுப் பேரை வரிசையாக அடிக்க வேண்டும், ஒன்பதாவதாக ஒரு பூதம் வரும். பூதத்தைக் கொன்றால் ஒரு படமும் அடியில் இரண்டு வரியும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வரிக்காகச் சிபி எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையைக் கோட்டை விட்டான். குறைந்த சோறு, நல்ல குழம்பு.

இரண்டாம் பாகம்: ஒரே உயிரை வைத்துக்கொண்டு எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வந்து நிற்பார். முடிவே கிடையாது, சாவதுதான் முடிவு. வீட்டு வேலை மாதிரி.

ஐந்தாம் பாகத்தின் எக்கோ பற்றி எழுதியது: "டூப்போடு மோதும்போது அது எதையும் கற்பதில்லை. வேறு முறைகளில் பெட்டியின் முன்னால் யார் உட்கார்ந்து ஆடினாலும் அவரிடமிருந்துதான் கற்கும். புதிதாகப் பார்த்ததற்கே அதில் மதிப்பு அதிகம், பழையதை மெல்ல மெல்ல மறந்துவிடும். ஒரு பெட்டிக்கு ஒரே டூப். தனியாக ஆடுகிறவருக்கு இந்த வரிசையில் கிடைத்த மிகச் சிறந்த துணை இதுதான்."

நல்ல வாக்கியம். சிபியே எழுதியது மாதிரி இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாம் பாகம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கதை. பரோட்டா மாஸ்டருக்குத் தங்கை கல்யாணம், ஊமைப் பெண்ணுக்கு அப்பாவைத் தேட வேண்டும். (பரோட்டா மாஸ்டர் நாங்கள் வைத்த பெயர். மொட்டைத் தலை, பெரிய உடம்பு, எதிராளியைத் தூக்கித் தரையில் அறைவார். ஏதோ வெளிநாட்டுப் பெயர் உண்டு, வாயில் நுழையாது. நான் எப்போதும் எடுப்பது இவரைத்தான்.) ஆறில் இதுதான் முதலிடம் என்று எழுதிவிட்டேன்.

சாயங்காலம் சிபியோடு ஐந்து ஆட்டம். ஐந்திலும் உதை. ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் அவன் எடுக்கும் ஆள், குடையால் சண்டை போடும் குடைக்காரர், இரண்டு தடவை குந்தி எழுந்து வணக்கம் போடுகிறார். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி. உலகத்தில் வேறு எவனும் அப்படி ஆட்டத்தைத் தொடங்க மாட்டான். எனக்கு அதைப் பார்த்தாலே நெஞ்சு நிறைந்துவிடுகிறது. தோற்றாலும் பரவாயில்லை.

ஜூன் 14, சனி

ஆடிக்கொண்டிருக்கும்போது சோபாவிலிருந்து சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். இடது கையைத் தூக்கி டிவியைக் காட்டுகிறான். திரையில் குடைக்காரர் பரோட்டா மாஸ்டரின் தலைக்கு மேலே தாவிக் குதித்து, முதுகில் ஒன்று போட்டார்.

"யாரு?" என்றான்.

"நீதான்டா. உன் டூப். ஞாபகம் இல்லையா?"

ரொம்ப நேரம் பார்த்தான். தலையை மெதுவாக ஆட்டினான், இல்லை என்று.

"அவன்" என்றான்.

நான் ஆட்டத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, உதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து அவனுக்கு ரசம் சாதம் ஊட்டினாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கண் திரைக்கே போனது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை அது.

ஜூன் 19, வியாழன்

தினகர் போன் செய்தார்.

"மேடம், நல்லா வந்துருக்கு. ஆனா அஞ்சாவதுல எக்கோவைப் பத்தி மட்டும்தானே எழுதியிருக்கீங்க? அதுல கதை முறை இருக்கே, சர்வைவல் இருக்கே. அதெல்லாம்?"

"எழுதறேன் சார்."

"ஆடிப் பாத்துட்டு எழுதுங்க. நம்மாளுங்க உடனே கண்டுபிடிச்சுருவாங்க."

ஆடிப் பார்க்க முடியாது. ஐந்தாம் பாகத்தில் நான் எக்கோவைத் தவிர எதையும் தொடுவதில்லை. தொட்டால் டூப் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். நான் ஆடுகிற அழகுக்கு ஒரே வாரத்தில் சிபி போய், சோம்பேறி மாதங்கி ஒருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். இதைத் தினகரிடம் சொன்னால் சிரிப்பார். சிபி ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றதை வைத்து, ஞாபகத்திலிருந்து எழுதினேன். கதை முறை சுமார், நடுவில் இழுவை, கடைசிச் சண்டை பிரமாதம். சிபி அப்படித்தான் சொன்னான்.

பிசியோதெரபி ரெஜினா அக்கா வந்து அவன் கைக்குப் பயிற்சி கொடுத்தார். களிமண் பிசைகிற பயிற்சி. பிசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். "விரலுக்கு ஆசை வரணும்மா. ஆசை இல்லாம விரல் எந்திரிக்காது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

ஜூன் 27, வெள்ளி

நான்காம் பாகம்: ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்கள் நின்று பேசுகிறார்கள். நடுநடுவே விளம்பரம் மாதிரி ஒரு சண்டை வருகிறது. யாரோ எடுத்த படத்தை நாம் பட்டன் அமுக்கிப் பார்க்கிறோம்.

ஆறாம் பாகம்: எல்லாம் ஆன்லைன். தனியாக ஆடுகிறவருக்கு மிச்சம் ஒரு பயிற்சி அறை. அதில் ஒரு பொம்மை நிற்கும். அடித்தால் விழும், எழுந்து நிற்கும். திருப்பி அடிக்காது. வீட்டில் நெட் போனால் அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கூட ஆட ஆள் இல்லாதவனைக் கம்பெனிக்காரன் மனுசனாகவே மதிக்கவில்லை என்று எழுதினேன். கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இருக்கட்டும்.

அம்மா இப்போதெல்லாம் காலையில் முகம் மலர்ச்சியாக இருக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

ஜூலை 2, புதன்

ஜெயித்துவிட்டேன்!!! சிபியை ஜெயித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. மூலையில் மாட்டினால் இடது பக்கம் குதிப்பான், அது எனக்குத் தெரியும், காத்திருந்தேன். குதிக்கவில்லை. அப்படியே நின்றான். தூக்கி அறைந்தேன். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு மாமி என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

மறுபடியும் ஜெயித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

ஜூலை 5, சனி

ஏதோ சரியில்லை. இன்று வணக்கம் போடவில்லை. ஆட்டம் தொடங்கியதும் குடைக்காரர் சும்மா நின்றார். பரோட்டா மாஸ்டரை எதிரில் நிறுத்திவிட்டு நானும் காத்திருந்தேன். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு குடை மெதுவாக மேலே வந்தது, யார் மேலும் படாமல் இறங்கியது. மறுபடி அதே. காற்றை அடிக்கிறார். பேய் பார்த்தவர்கள் சொல்வார்களே, அப்படி இருந்தது.

பெட்டி பழசு, ஏதாவது கெட்டிருக்கும் என்று தூக்கிக்கொண்டு தெப்பக்குளம் பக்கம் ரிப்பேர்க் கடைக்கு ஓடினேன். அவர் திறந்து, ஊதி, துடைத்து, "பெட்டி கல்லு மாதிரி இருக்குங்க" என்றார். டூப்பை மட்டும் வேறு எதிலாவது எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். இந்த ஒன்றை மட்டும் கம்பெனி நகல் எடுக்க விடுவதில்லையாம். வேண்டுமானால் அது ஆடுவதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

படம் திருப்பி அடிக்காதே அண்ணா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூலை 9, புதன்

கடை முதலாளி வீட்டில் காதுகுத்து. பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டது, பட்டன் சத்தம். டக். ரொம்ப நேரம் கழித்து, டக். நான் ஆடாதபோது எட்டு மாதமாகக் கேட்காத சத்தம். ஒரு நிமிஷம் எல்லாமே கனவு, அவன் விழவே இல்லை என்று தோன்றிவிட்டது. நிஜமாகவே தோன்றியது.

கதவைத் திறந்தேன். சோபாவில் மடியில் தலையணை, தலையணை மேல் கன்ட்ரோலர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய வலது கைக் கட்டைவிரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்துக்கொண்டிருக்கிறாள். திரையில் ஐந்தாம் பாகம், வரிசைச் சண்டை, முதல் ஆள். குடைக்காரர் அடி மேல் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"பாத்தியாடி! தானா அமுக்குறான் பாரு! ரெஜினா சொன்னா, பட்டன் அமுக்குற மாதிரி ஏதாச்சும் குடுங்கன்னு. ரெண்டு வாரமா நீ கடைக்குப் போனப்புறம் ஆடுறோம். இன்னும் கொஞ்சம் நல்லா ஆடட்டும், அப்பறம் உனக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

நான் என்ன செய்தேன் என்று எழுதவே பிடிக்கவில்லை. கன்ட்ரோலரை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

கன்ட்ரோலர் பீரோவில் இருக்கிறது. சாவி என் ஜாக்கெட்டுக்குள்.

அம்மா இன்று காப்பி போடவில்லை. நான் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்காமலேயே கேட்டாள்:

"அந்தப் பொட்டியில அப்படி என்ன இருக்குன்னு இவன்கிட்டயிருந்து புடுங்குன?"

"சிபி இருக்கான்மா. அவன் ஆடின ஆட்டம், அவன் குதிக்கிறது, என்னைச் சீண்டுறது எல்லாம் அப்படியே இருக்கு. இவன் ஆட ஆட அது அழியுது. இன்னும் கொஞ்ச நாள் போனா சிபியே இருக்க மாட்டான்."

"யாரைடி சிபிங்கிற?"

டம்ளரை மேசையில் வைத்தேன்.

"சோபாவுல உக்காந்திருக்கானே, அவன் பேரு என்ன? ஒரு வாட்டி சொல்லு, கேக்குறேன்."

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தினம் சாயங்காலமானா டிவி முன்னாடி உக்காந்துக்கிற. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உசுரோட இருக்கறவனுக்குத் திவசம் பண்றடி நீ."

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. கீழே கொட்டினேன்.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜூன் மூன்றுக்குப் பிறகு சிபி என்று நான் எழுதியதெல்லாம் டூப்பைத்தான். அல்லது பழையவனை. சோபாவில் இருப்பவனை ஒரு இடத்தில்கூடப் பெயர் சொல்லி எழுதவில்லை.

ஜூலை 14, திங்கள்

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. விரலுக்குப் பட்டன்தானே வேண்டும்? மூன்றாம் பாகத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஆறில் சிறந்தது, நானே முதலிடம் கொடுத்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் முகங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனான். கடைசி வரை போனான், திரும்பி முதலிலிருந்து வந்தான். குடைக்காரரைத் தேடுகிறான். குடைக்காரர் ஐந்தாம் பாகத்தில் மட்டும்தான் உண்டு. கன்ட்ரோலரை மடியிலிருந்து மெதுவாகத் தள்ளிவிட்டான். பரோட்டா மாஸ்டரை வைத்து ஆடிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டான்.

மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி முதல் நாள்

தேங்காய் சுட்டோம். அம்மா என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள், உப்பு எங்கே புளி எங்கே என்கிற அளவுக்கு.

மதியம் அவன் தூங்குகிறான் என்று நினைத்து விசிறியைக் கூட்டி வைக்கப் போனேன். தூங்கவில்லை. தலையணையை மடியில் வைத்திருந்தான். வலது கட்டைவிரல் தலையணை உறை மேல் அசைந்துகொண்டிருந்தது. கீழே, நிறுத்தம், கீழே. மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு அசைவுக்கும் உதட்டைக் கடித்துக்கொள்கிறான், நெற்றியில் வேர்வை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கீழே, கீழே என்றால் குந்தி எழுவது. வணக்கம் போடப் பார்க்கிறான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவன் விரலை நிறுத்தாமல் என்னைப் பார்த்தான். பிறகு இடது கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தான். வலிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

இன்று கடைசியாக ஒரு தடவை டூப்போடு ஆடினேன். ரெண்டு வாரம் தடவித் தடவி ஆடியதில் பாதிக்கு மேல் போய்விட்டது. நின்றார், காற்றை அடித்தார், நின்றார். மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என்ன செய்வாரென்று தெரியாமல் காத்திருந்தேன். அப்போது குடையைச் சுழற்றிக்கொண்டு இடது பக்கம் தாவினார் பாருங்கள்! அதே தாவல். என் தலைக்கு மேலே வந்து முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பட் பட் என்று. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பின்னால் போய் நின்றார். பிச்சை. நான் அடிக்கவில்லை. அவரும் நகரவில்லை. நேரம் முடிந்து மணி அடித்தது.

போய்ட்டு வாடா என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு எக்கோவை விட்டு வெளியே வந்து, வரிசைச் சண்டையை எடுத்து வைத்து, கன்ட்ரோலரைக் கொண்டுபோய்ச் சிபி மடியில் தலையணை மேல் வைத்தேன். பீரோச் சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சிபி முதல் ஆளிடமே தோற்றான். மறுபடி ஆடினான். மறுபடி தோற்றான். ஒவ்வொரு அடியிலும் அங்கே ஒன்று அழிகிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

சிபி முதல் ஆளை அடித்துவிட்டான். அம்மா தெருமுனைக் கடையில் பால்கோவா வாங்கி வந்தாள். ரெஜினா அக்கா களிமண் உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 28, திங்கள்

கட்டுரையை அனுப்பிவிட்டேன். ஐந்தாம் பாகத்தின் மற்ற முறைகளை நிஜமாகவே ஆடிப் பார்த்து மாற்றி எழுதினேன். கதை முறை சுமார் இல்லை, நன்றாகவே இருக்கிறது. சிபி சொன்னது தப்பு. அவனிடமே சொன்னேன். "போ" என்றான்.

எக்கோ பற்றி எழுதியதிலும் ஒரு வரியை மாற்றினேன். மிகச் சிறந்த துணை என்பதை எடுத்துவிட்டு, ஆள் திரும்பி வரும் வரைக்கும் துணை என்று போட்டேன்.

தினகர் கேட்டார்: "பேரு வழக்கம் போல சிபின்னே போட்டுறட்டுமா மேடம்?"

"இல்ல சார். மாதங்கின்னு போடுங்க. அண்ணன் அவரோட பத்தியை அவரே எழுதுவாரு. எப்பன்னு தெரியல. ஆனா எழுதுவாரு."

"சந்தோஷம்மா" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

இன்று எக்கோவைத் திறந்து ஒரு சுற்று பார்த்தேன். பழையது எதுவும் இல்லை, நடுவில் நான் ஆடியதும் இல்லை; அதற்கப்புறம் சிபிதான் தினமும் ஆடுகிறான். மெதுவான ஒரு குடைக்காரர் நிற்கிறார். சிபி திரையைக் காட்டினான்.

"யாரு?" என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

"நான்" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஊரே காவிரிக்கரை அம்மா மண்டபத்தில். நாங்கள் போகவில்லை, படித்துறையில் சிபியை இறக்குவது கஷ்டம். அம்மா எலுமிச்சை, புளி, தேங்காய் என்று சாதம் கிளறி, மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். வெயில் விடவில்லை. ஹாலிலேயே சாப்பிட்டோம். சிபி ஸ்பூனால் தானே சாப்பிட்டான், பாதி தரைக்குப் போனது. புளிச்சோறு மட்டும் தரைக்குப் போகவில்லை.

சாப்பிட்டதும் இரண்டாவது கன்ட்ரோலரைத் தேடி எடுத்தேன். ஐப்பசியிலிருந்து அலமாரிக்கு அடியில் கிடக்கிறது, ஒரே தூசி. துடைத்து மாட்டினேன். இருவர் ஆட்டம். ஆறு பாகத்தின் ஒற்றை ஆட்டத்தையும் அலசிக் கிழித்துக் கட்டுரை எழுதியாகிவிட்டது, இனி அது போதும்.

சிபி குடைக்காரர். நான் பரோட்டா மாஸ்டர்.

ஆட்டம் தொடங்கியது. நான் காத்திருந்தேன். அவன் உதட்டைக் கடித்தான். குடைக்காரர் குந்தினார். ரொம்ப நேரம் குந்தியே இருந்தார். எழுந்தார். மறுபடி குந்தி, எழுந்தார். அடுப்படி வாசலில் நின்ற அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

சண்டை போட்டோம். அவன் ஐந்து அடி அடித்தால் ஒன்று படும். நான் மெதுவாகத்தான் ஆடினேன், அப்படியும் அவன் உயிர் இறங்கிக்கொண்டே போய்க் கடைசி நூலில் நின்றது. மூலையில் மாட்டிக்கொண்டான். ஒரே அடி பாக்கி.

என்னால் அடிக்க முடியவில்லை. பரோட்டா மாஸ்டரைப் பின்னால் நடத்திக்கொண்டு போய்ச் சும்மா நிறுத்தினேன். வந்து அடிக்கட்டும், ஜெயிக்கட்டும் என்று.

அவன் அடிக்கவில்லை. திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் சிவந்தது. வாய் திறந்து மூடித் திறந்தது. வார்த்தையை எங்கேயோ அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது.

"பிச்சை" என்றான். மூச்சு வாங்கினான். "வேணாம்."

அப்புறம் குடைக்காரரை அவனே நடத்திக்கொண்டு வந்தான். மூலையை விட்டு வெளியே, நேராக என் எதிரே, குடையைத் தூக்கியபடி. வருவது தெரிகிறது, மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் நிஜமாக என்னை அடிக்கத்தான் வருகிறது.

நானும் நிஜமாக அடித்தேன். தூக்கி ஒரே அறை. மணி அடித்தது.

"யாருடி ஜெயிச்சா?" என்று அம்மா கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான்" என்றேன்.

"நாளைக்கு" என்றான் அவன், தன் நெஞ்சைக் காட்டி. கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

சிரித்தோம், மூன்று பேரும். பிறகு தரையில் கிடந்த சோற்றைப் பெருக்கினேன், பாத்திரம் தேய்த்தேன், இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்று சிபி என்னிடம் தோற்றான்.